ஒரு ஸ்டார் போட்டது என் தப்பு, சைலன்சர் பாவம்

போன மாதம் இதே சைலன்சருக்கு ஒரு ஸ்டார் போட்டு, "வெல்டிங் சரியில்லை, காசு தண்டம், யாரும் வாங்காதீர்கள்" என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இப்போது நான்கு ஸ்டார். குறைத்த அந்த ஒரு ஸ்டாருக்கும் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

வண்டி 2016 ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. பழைய 346 சிசி கார்புரேட்டர் இன்ஜின். கம்பெனி சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், பெண்ட் பைப்போடு (இன்ஜினிலிருந்து சைலன்சருக்கு வரும் வளைந்த குழாய்) சேர்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செட்டாகவே போட்டுவிடலாம் என்று ஆன்லைனில் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தால் பெண்ட் பைப், சைலன்சர், ஒரு கிளாம்ப், இரண்டு போல்ட், ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கேஸ்கெட், அதாவது பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைக்கும் வளையம், வைக்கத் தோன்றவில்லை பாருங்கள். அந்த ஒரு ஸ்டார் அங்கேதான் போனது.

மாட்டுவதற்குச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். பேர் வேண்டாம். சனிக்கிழமை மதியம், ஏகப்பட்ட கூட்டம். கடைப் பையன் மளமளவென்று பழைய பைப்பைக் கழற்றினான். ஹெட்டில் (இன்ஜினின் மேல்பாகம், பைப் அங்கேதான் சேரும்) இருந்து ஒரு கரி பிடித்த கேஸ்கெட் வளையத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து, பேன்ட்டில் துடைத்து, திரும்ப அதையே உள்ளே வைத்தான். "புதுசு போட வேணாமா தம்பி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் சார் இருக்கு, இதுவே போதும்" என்றான். எனக்கும் அவசரம், சரி என்றுவிட்டேன். 20 நிமிடத்தில் வேலை முடிந்தது. சத்தமும் கம்பீரமாக, காதைக் கிழிக்காமல் இருந்தது. வீட்டுக்குச் சந்தோஷமாகத்தான் வந்தேன்.

மூன்றாவது நாள் காலையில் ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் பக்கம் "டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம். இன்ஜின் வால்வுப் பக்கம் வரும் டேப்பட் சத்தம் மாதிரியே இருந்தது. வண்டி சூடாகி முதல் சிக்னலைத் தாண்டுவதற்குள் குறைந்துவிடும், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஈசிஆரில் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் "பட் பட்" என்று வெடிக்க ஆரம்பித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி இரண்டு தடவை தோளில் அடித்தாள். அன்று ராத்திரிதான் அந்த ஒரு ஸ்டார் ரிவ்யூ.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பேக்கிங் புதுசு போட்டாங்களா?" அந்தக் கேஸ்கெட் வளையத்தைத்தான் கேட்டார். நான் முழித்தேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்லி, மறுநாள் காலை இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது வரச் சொன்னார். ஸ்டார்ட் செய்து, சைலன்சர் வாயை ஈரத் துணியால் லேசாக அடைத்துக்கொண்டு, ஹெட்டும் பைப்பும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரை அடித்தார். கீழ்ப்பக்கம் மட்டும் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. ஆறிய இன்ஜினில்தான் இதைச் செய்ய வேண்டும். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி கொஞ்சம் அடைபட்டுவிடும், என் டிக் டிக் சத்தம் சிக்னலில் காணாமல் போனதும் அதனால்தான். வெடிக்கும் காரணத்தையும் சொன்னார்: ஆக்சிலரேட்டரை விட்டதும் அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது, எரியாமல் வந்த பெட்ரோல் அதோடு சேர்ந்து பைப்புக்குள்ளேயே எரிகிறது. நான் வெல்டிங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. அந்த வளையம் நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. முதல் தடவை நட்டை முறுக்கும்போது நசுங்கி, அந்த ஹெட்டுக்கும் அந்தப் பைப்புக்கும் நடுவில் உள்ள மேடு பள்ளத்தை அச்சு எடுத்த மாதிரி நிரப்பிக்கொள்ளும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. மறுபடி நசுங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. அதே பைப்பை அதே இடத்தில் திரும்ப மாட்டினாலாவது அதிர்ஷ்டம் இருந்தால் பொருந்தும். புதுப் பைப்பின் விளிம்பு வேறு மாதிரி. என் வளையத்தில் பழைய பைப்பின் தடம் வட்டமாகப் பதிந்திருந்தது, புதுப் பைப் அதற்கு ஒரு நூல் வெளியே உட்கார்ந்திருந்தது, அந்த இடைவெளியில் கரி கோடு கோடாக ஒழுகியிருந்தது.

கெட்டிச் செம்பு வளையமாக இருந்தால், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும், பழைய மெக்கானிக்குகள் செய்வதுதான். மெல்லிய தகடு போர்த்தி உள்ளே நார் அடைத்த வளையத்துக்கு அந்த வைத்தியம் பலிக்காது. கிளாம்ப் பக்கம் வரும் கிராஃபைட் புஷ்ஷும் அப்படித்தான், கழற்றும்போதே பாதி பொடிந்துவிடும். சிலர் சிலிக்கான் பேஸ்டைத் தடவி அடைக்கிறார்கள். ஹெட் வாயில் இருக்கும் சூட்டுக்கு அது கருகி உதிர்ந்துவிடும்.

புது வளையம் வாங்கப் போனதில் ஒரு கூத்து. கடைக்காரர் "பழசைக் காட்டுங்க" என்றார். காட்டினேன், அதே தடிமனில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அண்ணன் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். நசுங்கிய வளையத்துக்கு அளவெடுத்தால் நசுங்கிய தடிமன்தானே வரும்! வண்டி மாடலும் வருடமும் சொல்லி ஷோரூம் ஸ்பேரில் வாங்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நான் கொடுத்த விலை டீயும் இரண்டு பன் பட்டர் ஜாமும் சாப்பிடும் காசு. அதை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு வாரம் வண்டியை வெடிக்கவிட்டேன்.

மாட்டும் முறையும் கடையில் பார்த்ததற்கு நேர் எதிர். அந்தப் பையன் முதலில் பின்பக்க போல்ட்டை இறுக்கிவிட்டுத்தான் ஹெட்டுக்கு வந்தான், அதனால் பைப் ஒரு பக்கமாக இழுபட்டு வளையத்தைக் கோணலாக அமுக்கியிருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் கையால் தளர்வாக மாட்டி, பைப் தானாக உட்காரும் இடத்தில் உட்காரவிட்டு, ஹெட்டில் உள்ள இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, அப்புறம் கிளாம்ப், கடைசியில்தான் பின் போல்ட். அதற்கு முன் ஹெட் வாய்க்குள் டார்ச் அடித்து விரலால் தடவிப் பார்த்தார். கரி மூடிய பழைய வளையம் ஹெட்டின் பாகம் மாதிரியே தெரியும், அதைக் கவனிக்காமல் மேலே இன்னொன்றைப் போட்டு மாட்டிய வண்டிகளும் அவரிடம் வந்திருக்கிறதாம். முன்னே கழற்றும்போது ஒரு நட்டோடு, ஹெட்டில் திருகியிருக்கும் ஸ்டட் கம்பியே கழன்று வந்துவிட்டது. ஒழுகுகிறது என்று நான் வீட்டில் ஸ்பேனர் போட்டு முறுக்கிய முறுக்குதான் காரணம். அலுமினிய ஹெட்டில் மரை போகாமல் வந்ததே பெரிசு, போயிருந்தால் லேத் வேலைக்குச் சைலன்சர் விலையில் பாதி போயிருக்கும். 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆறிய பிறகு வரச் சொல்லி இன்னொரு தடவை நட்டைப் பார்த்துக் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். சந்து வழியாக வரும் காற்றைப் பார்த்துவிட்டு, பெட்ரோல் போதவில்லை என்று இசியு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் வண்டியின் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொண்டு கூடுதலாக ஊற்றும். மைலேஜ் இறங்கியதற்கு நீங்கள் பங்க்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, சைலன்சருக்கு வருவோம். இப்போது டிக் சத்தமும் இல்லை, வெடியும் இல்லை. வெல்டிங் சுத்தமாகத்தான் இருக்கிறது, அன்று திட்டியதற்கு மன்னிக்கவும். பெண்ட் பைப் ஹெட் பக்கம் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறியிருக்கிறது. ஸ்டெயின்லெஸ் சூடானால் அப்படித்தான் ஆகும், குறையில்லை. உள்ளே சத்தம் குறைக்கும் குழாயைக் கழற்றும்படி வைத்திருக்கிறார்கள், நான் கழற்றவில்லை. சத்தத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது, தெருவில் தூங்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். கிளாம்ப் மட்டும் மட்டம், முதல் மழையிலேயே துரு. அதை மாற்றிவிடுங்கள்.

போன வாரம் கண்ணாடி வாங்க அதே கடைப் பக்கம் போனேன். அதே பையன் வேறொருவர் புல்லட்டில் பழைய வளையத்தைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். "தம்பி, அதுல புதுசு போடலாமில்ல?" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்: "கஸ்டமர் கேட்டா போடுவோம் சார்."