இரட்டை சாஃப்ட்பாக்ஸ் கிட்: கடலோரத் துணி வியாபாரத்துக்கு எவ்வளவு உதவும்?

ஆன்லைனில் அபாயா, சுடிதார், சேலை விற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது இந்த கிட்டைத்தான். பல்பைச் சுற்றி மாட்டி வெளிச்சத்தை மென்மையாக்கும் 50×70 செ.மீ. துணிப் பெட்டி (சாஃப்ட்பாக்ஸ்) இரண்டு, இரண்டு மீட்டர் வரை உயரும் ஸ்டாண்ட் இரண்டு, பல்பு ஹோல்டர், பின்னணித் துணி, எல்லாவற்றையும் வைக்க ஒரு பை. விதவிதமான பெயர்களில் வந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கீழக்கரையிலோ மண்டபத்திலோ வீட்டு முன்னறையில் வைத்துப் படம் எடுப்பவருக்கு வெளிச்சம் தாராளமாகப் போதும். பின்னணித் துணியும் ஸ்டாண்டும்தான் சுமார்.

பல்பில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். சுருள் சிஎஃப்எல், எல்இடி என இரண்டு வகையில் வருகிறது, எல்இடியே நல்லது. சிஎஃப்எல் போட்டவுடன் நிறம் நிலைக்காது, சில நிமிடம் காத்திருக்க வேண்டும். கூரியரில் உடையவும் செய்யும். பெட்டியில் 5500 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை) என்பதோடு சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கான மதிப்பெண்) 90க்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சிஆர்ஐ குறைந்த விளக்கில் அரக்கும் குங்குமச் சிவப்பும் மங்கிப் பழுப்படிக்கும். 'படத்தில் பார்த்த கலர் இது இல்லை' என்று சரக்கு திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

விளக்கைப் போட்டதும் அறையின் டியூப்லைட்டை அணையுங்கள், ஜன்னல் திரையை இழுத்துவிடுங்கள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் ஒரே சேலையின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் ஏறும். அதை எந்த ஆப்பிலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. போன் கேமராவில் அளவுகளை நாமே வைக்கும் புரோ மோடு இருந்தால் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) 5500இல் பூட்டுங்கள். ஆட்டோவில் விட்டால், படம் முழுக்க மெரூன் நிறைந்திருக்கும்போது போன் அதைக் குறைக்கப் பார்க்கும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 அல்லது 200, ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். வேறு வேகம் வைத்தால் படத்தில் வரிவரியாகப் பட்டை விழலாம். 1/50இல் கை ஆட்டம் தெரியும், ஆகவே டிரைபாட் கட்டாயம். அது இந்த கிட்டில் வராது. போனை இடுப்பு உயரத்தில் நிறுத்தி, இரண்டரை மீட்டர் தள்ளி, 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் தோள் பெருத்து, கீழ்விளிம்பு சுருங்கித் தெரியும்.

இந்த கிட்டின் உண்மையான சோதனை கறுப்பு அபாயாதான். ஆட்டோவில் எடுக்கும்போது படம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் போன் வெளிச்சத்தைத் தானே கூட்டிவிடும், துணி சாம்பலாகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7இலிருந்து மைனஸ் 1 வரை இறக்குங்கள். இரண்டு விளக்கையும் முன்னால் 45 பாகையில் வைக்கச் சொல்லும் பெட்டிப் படம் இங்கே உதவாது, மடிப்பெல்லாம் மறைந்து துணி தட்டையாகிவிடும். ஒன்றை நேர் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், மற்றதை எதிர்ப்பக்கம் இரண்டு மடங்கு தூரத்தில் வையுங்கள். நூல் வேலைப்பாடு எழும்பி நிற்கும், கையின் மடிப்பு விழும் இடம் தெளிவாகும். கல் பதித்ததென்றால் பக்க விளக்கைக் கொஞ்சம் திருப்பி, மினுக்கு மட்டும் விழுமாறு பாருங்கள். பின்னணிக்கும் துணிக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டி நின்றால் வெள்ளையின் எதிரொளி கறுப்பின் ஓரத்தை வெளிறடிக்கும்.

பரமக்குடிச் சேலைகளில் ஊடும் பாவும் வேறு நிறமாக வருபவை கோணத்துக்குக் கோணம் மாறும். ஒரே படத்தில் அடக்க முயலாதீர்கள்: நேராக ஒன்று, மடிப்பைச் சாய்த்து ஒன்று, அப்புறம் முந்தி, பார்டர், பிளவுஸ் துணி. அமேசானில் போடுவதானால் முதல் படத்தின் பின்னணி முழு வெள்ளையாகவும், துணி படத்தில் 85 சதவீதம் நிறைந்தும் இருக்க வேண்டும்; பெரிதாக்கிப் பார்க்க நீளப் பக்கம் 1000 பிக்சலாவது வேண்டும்.

கூட வரும் பின்னணித் துணி மெல்லியது. மடிப்பு போகாது, சூடான அயர்ன் பட்டால் உருகும். கெட்டியான வெள்ளைப் பெட்ஷீட்டை இஸ்திரி போட்டு மாட்டினால் அதைவிட நன்றாக இருக்கும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஜன்னல் திறந்திருந்தால் சாஃப்ட்பாக்ஸ் கப்பல் பாய்போலக் காற்றைப் பிடித்துச் சாயும். காலில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். மணல் பை கட்டுவதானால் கடற்கரை மணல் வேண்டாம், அதிலுள்ள உப்பு இரும்பை அரிக்கும். ஸ்டாண்டின் குழாய் அலுமினியமானாலும் திருகும் ரிவெட்டும் பெரும்பாலும் இரும்புதான். உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து இறுகும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பையில் மூடி வையுங்கள். ஹோல்டரின் உள்நாக்கில் பச்சை பூத்தால் விளக்கு விட்டுவிட்டு எரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் துடைத்தால் சரியாகிவிடும்.

பார்சல் வந்த அன்றே இரண்டு பல்பையும் தனித்தனியாக எரியவிட்டு, ஒரே வெள்ளைத்தாளைப் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள்.