ஒரு பெரிய ஆட்டமா, இரண்டு சின்ன ஆட்டங்களா? குடும்பத்தோடு காரில் போய்க் கால்பந்து பார்க்கும் வார இறுதிக்கு எது தோது

முதல் தடவை பெரிய ஸ்டேடியம், ஒரே ஆட்டம். ஐந்து மாதம் கழித்துப் போன இரண்டாவது பயணத்தில் இரண்டு சின்ன மைதானங்கள், சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. இரண்டுக்கும் அதே கார், அதே நாலு பேர்: நான், மனைவி, 12 வயது மகள், 7 வயது மகன். மகள் பள்ளி அணியில் ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர். மகனுக்கு கோல்கீப்பர் என்றால் உயிர். மூன்றாவது பயணத்துக்கு எது என்று பேசியபோது நாலு பேரும் சின்ன மைதானங்களைத்தான் சொன்னோம். ஏன் என்று சொல்கிறேன்.

பெரிய ஆட்டத்துக்கு உரிய பெருமையை முதலில் கொடுத்துவிட வேண்டும். படிக்கட்டு ஏறி, இருட்டான நடைவழி முடிந்து, திடீரென்று வெளிச்சத்தில் அந்தப் பச்சைப் புல்வெளி விரிந்தபோது மகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அந்த ஒரு நொடியை எந்தச் சின்ன மைதானமும் தராது. இன்னொன்றும் உண்டு. மேல் கேலரியிலிருந்து பார்த்தால் 22 பேரும் ஒரே பார்வையில் தெரிகிறார்கள். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத பக்கம் தற்காப்பு வரிசை எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்பதை மகள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஆட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு அது பெரிய பாடம்.

ஆனால் தூரம் அதிகம். ஸ்டேடியம் வடிவமைப்பவர்கள், பார்வையாளர் ஆடுகளத்தின் எதிர் மூலையிலிருந்து 190 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்று எல்லை வைத்திருக்கிறார்கள். 70 செ.மீ. சுற்றளவுகூட இல்லாத பந்து அவ்வளவு தூரத்தில் ஒரு புள்ளிதான். பெர்லின், ரோம் நகரங்களின் ஒலிம்பிக் ஸ்டேடியங்களைப் போல ஓட்டப்பந்தயத் தடம் சுற்றிலும் இருந்தால், முன்வரிசை டிக்கெட் எடுத்தாலும் ஆடுகளம் தள்ளியேதான் இருக்கும். டிக்கெட் எடுக்கும் முன் இதை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவு, டிக்கெட் கிடைக்கும் சிரமம், ஆட்டத்தின் தரம், இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. பெரிய லீக்கில் ஆட்டம் உயர்ந்தது, பணமும் அலைச்சலும் அதிகம். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு: கடைசி விசில் அடித்ததற்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரம்.

பயணம் திட்டமிடும்போது நாம் எல்லோரும் போகிற வழியைத்தான் யோசிக்கிறோம். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு உள்ளே போவது. வெளியே வருவதை யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. டிக்கெட் எடுத்தபோது ஆட்டம் மாலை 5 மணிக்கு என்றிருந்தது. ஒளிபரப்புக்காக அது இரவு 8 மணிக்குப் போனது. பெரிய லீக்குகளில் இது சகஜம். ஆனால் நான் அறை போட்டிருந்தது, வாடகை குறைவு என்று, நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்.

கணக்கைப் பாருங்கள். ஆட்டம் 90 நிமிடம் என்றாலும் இடைவேளை 15 நிமிடம், இரண்டு பாதியிலும் தடங்கல்களை ஈடுகட்டக் கூட்டும் கூடுதல் நேரம், எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்தை நெருங்கிவிடும். 2022 உலகக் கோப்பையில் இங்கிலாந்து - ஈரான் ஆட்டத்தில் கூடுதல் நேரம் மட்டுமே 25 நிமிடத்தைத் தாண்டியது. தோற்றால் வெளியேறும் நாக் அவுட் ஆட்டம் சமனில் நின்றால் இன்னும் 30 நிமிடம், அப்புறம் பெனால்டி. எங்களுடையது சாதாரண லீக் ஆட்டம்தான். முடிந்தபோது மணி 9.55.

கேலரியிலிருந்து இறங்குவது சீக்கிரம் முடிந்தது. எட்டு நிமிடத்துக்குள் பார்வையாளர்கள் கேலரியை விட்டு வெளியேறும் வழிக்கு வந்துவிட வேண்டும் என்று பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி சொல்கிறது. அந்த வழிகாட்டி பிறந்த கதையும் ஆட்டம் முடிந்து வெளியேறும் நேரத்தைப் பற்றியதுதான். 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில், ஆட்டம் முடிந்து இறங்கிய கூட்டம் ஒரே படிக்கட்டில் நெரிந்து 66 பேர் இறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த வழிகாட்டியின் முதல் பதிப்பு வந்தது. இப்படிப்பட்ட விதிகளின் பயனால்தான் இன்று கேலரியை விட்டு இவ்வளவு நிம்மதியாக இறங்க முடிகிறது. இருந்தாலும், சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் கூட்டம் வடியும் வரை பத்து நிமிடம் இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள்.

கேலரி எட்டு நிமிடத்தில் காலியாகலாம். பார்க்கிங் அப்படிக் காலியாகாது. பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வாசல்களை நோக்கி வண்டியைத் திருப்புகிறார்கள். எங்கள் கார் சாலையைத் தொட்டபோது மணி 11.10. மகன் செருப்புக் காலோடு பின்சீட்டில் தூங்கிப்போயிருந்தான். மகள் பசியில் பேசுவதை நிறுத்தியிருந்தாள். நான் எழுந்தது காலை 6 மணிக்கு. அதாவது 17 மணி நேரம் விழித்திருந்துவிட்டு, இருட்டில், தெரியாத சாலையில் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் வேகமும் இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்குச் சமமாகக் குறைந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அன்று இதை நான் படித்திருக்கவில்லை. ஆனால் "வண்டியை ஓரமா நிறுத்துங்க, முகம் கழுவிட்டுப் போகலாம்" என்று மனைவி இரண்டு தடவை சொன்னது நினைவிருக்கிறது. இரண்டு தடவையும் நிறுத்தினேன். அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 12.40. மறுநாள் திட்டம் எதுவும் நடக்கவில்லை. எல்லோரும் தூங்கி எழுந்து வீடு திரும்பினோம்.

இப்போது இரண்டாவது பயணம். சின்ன லீக்குகள் பெரும்பாலும் பிற்பகலிலேயே ஆடுகின்றன, நேரத்தை மாற்றச் சொல்ல டிவி வருவது குறைவு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்த ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது என்று ஒரு விதியே உண்டு. ரசிகர்கள் வீட்டில் உட்காராமல் உள்ளூர் மைதானத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக வைத்தது. எங்கள் சனிக்கிழமை ஆட்டமும் 3 மணிக்குத்தான். 5 மணிக்கு முன்பே முடிந்தது. வண்டி நின்றது மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி. சாலைக்கு வர ஏழு நிமிடம். வெளிச்சம் இருக்கும்போதே அறைக்குப் போய்விட்டோம். அறைக்கு எதிரே ஒரு திடல் இருந்தது, அங்கே இருட்டும் வரை நாலு பேரும் பந்து உதைத்தோம். மகன் அன்று பார்த்த கோல்கீப்பரைப் போலவே கத்திக்கொண்டு பாய்ந்தான்.

அந்தக் கத்தலை எங்கே கற்றான் என்றால், கோலுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது. பெரிய ஸ்டேடியத்தில் ஆட்டக்காரர்களின் குரல் கூட்டத்தின் சத்தத்தில் கரைந்துவிடும். இங்கே ஒவ்வொரு சொல்லும் கேட்கும். "பின்னால ஆள்!", "விடு, என் பந்து!", "மேலே ஏறு!" மேல் கேலரியிலிருந்து தற்காப்பு வரிசை நகர்வதைப் பார்த்த மகள், அதை யார் நகர்த்துகிறார்கள் என்பதை இங்கே காதால் கேட்டாள். வீடு திரும்பிய வாரமே அவளுடைய அணியில் அவள் பேச ஆரம்பித்துவிட்டதாகப் பயிற்சியாளர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் திரும்புகிற வழியில் இருந்த ஊரில், பெண்கள் லீக், பிற்பகல் 1 மணிக்கு. பெண்கள் ஆட்டம் என்றால் சின்னக் கூட்டம்தான் என்று நினைக்க வேண்டாம். 2022-இல் பார்சிலோனா பெண்கள் அணி கேம்ப் நோவ் ஸ்டேடியத்தில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணியோடு ஆடிய ஆட்டத்துக்கு 91,648 பேர் வந்தார்கள். எங்களுடையதில் சில நூறு பேர். முடிந்ததும் ஒரு ஆட்டக்காரர் கம்பி ஓரம் வந்து, மகள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு மணிக்கு வீடு. திங்கட்கிழமை பள்ளிக்கு யாரும் தூக்கக் கண்ணோடு போகவில்லை.

இரண்டு ஆட்டம் வைத்துக்கொள்வதில் இன்னொரு நிம்மதி. ஒன்று தள்ளிப்போனாலும் மற்றது மிச்சம். சின்ன மைதானங்களில் வடிகால் சுமார்தான், தண்ணீர் தேங்கினால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். எங்களுக்கு மழை வரவில்லை, அதனால் கூரையில்லாத கேலரியில் நனைந்துகொண்டு பிள்ளைகள் எவ்வளவு நேரம் தாங்குவார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. கைக்குழந்தையோடும் நாங்கள் போனதில்லை. அப்படிப் போகிறவர்களுக்குக் கூரையும் நல்ல கழிப்பறையும் உள்ள பெரிய ஸ்டேடியமே வசதியாக இருக்கலாம்.

பிள்ளைக்கு உயிரான அணி ஒன்று இருந்தால் பெரிய ஆட்டத்துக்கே கூட்டிப்போங்கள், அதற்கு மாற்று கிடையாது. ஆனால் அறையை ஸ்டேடியத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் போடுங்கள், வாடகை எவ்வளவு கூடினாலும். காரை மறுநாள் காலை வரை தொடாதீர்கள். ஆட்ட நேரம் உறுதியாகும் வரை, கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாக இருக்கட்டும். நான் இப்படிப் போய்ப் பார்த்ததில்லை. முதல் பயணத்தை மறுபடி செய்ய வாய்ப்புக் கிடைத்தால் செய்யப்போவது இதைத்தான்.

அடுத்த மாதப் பயணத்துக்கு இரண்டு மைதானங்களைக் குறித்துவிட்டோம், இரண்டுமே பிற்பகல் ஆட்டம். மகன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறான். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும் இல்லையா, அப்போது நாங்களும் சுற்றி நடந்து எதிர்க் கோலுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். அவனுடைய கோல்கீப்பரை இரண்டு பாதியும் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமாம்.