கணவாய் மை என்று வந்தது தரைச் சாயப்பொடி

நீர்வண்ணம் வரைகிறவர்கள் கவனத்துக்கு. செப்பியா என்கிற கரும்பழுப்பு வண்ணத்தை, ‘அசல், கணவாய் மீனின் மையிலிருந்து எடுத்தது’ என்று இன்ஸ்டாகிராமில் விற்ற ஒருவரிடம் போன மாதம் 20 கிராம் பொடி வாங்கி ஏமாந்தேன். விலை 1,850 ரூபாய். கடையில் செப்பியா என்று விற்கும் வண்ணக் குழாய்களில் பெரும்பாலும் பெயரைத் தவிரக் கணவாய் கிடையாது. அசலைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில்தான் விழுந்தேன்.

டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டேன். இரண்டே நிமிடத்தில் வண்டலாக அடியில் உட்கார்ந்துவிட்டது. கணவாய் மை அப்படி இறங்காது. அவ்வளவு நுண்ணிய துகள். சந்தேகம் தட்டி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் பிடித்தேன். பொடி முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு, காந்தம் போன பக்கமெல்லாம் ஊர்ந்தது. கணவாய் மையின் கருமை மெலனின், நம் தலைமுடியில் இருக்கும் அதே வகையறா. அது காந்தத்துக்கு அசையாது. எனக்கு வந்தது, சிமென்ட் தரைக்குக் கலக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு.

வீடியோ எடுத்து அனுப்பினேன். “நேச்சுரல் ப்ராடக்ட் சார், பேட்ச்சுக்கு பேட்ச் மாறும்” என்று பதில். பணத்தைக் கேட்டதும் பிளாக்.

வயிற்றெரிச்சலோடு காசிமேடு போனேன். ஓட்டுக் கணவாய் சுத்தம் செய்துகொண்டிருந்த அக்காவிடம் மைப்பை கேட்டால், “தூக்கிப் போடுறதுக்குப் போயி காசு எதுக்குத் தம்பி, எடுத்துட்டுப் போ” என்றார். பன்னிரண்டு பை. கிழித்துப் பிழிந்து, நீர்த்த காஸ்டிக் சோடாவில் கரைத்து வடிகட்டி, சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டால் கறுப்பு திரிந்து கீழே இறங்கும். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் செப்பியா எடுத்த வழியும் ஏறக்குறைய இதுதான். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பலமுறை கழுவாவிட்டால் நாற்றம் போகாது. கழுவியும் என் வீட்டில் மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை.

காய்ந்த பொடியில் துளியை நெருப்பில் காட்டினேன், முடி கருகும் வாடை. மெடிக்கலில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்சம் சலவைச் சோடாவோடு ஊறப்போட்டேன், காலையில் வெளுத்த டீ நிறம். பக்கத்துக் கிண்ணத்தில் 1,850 ரூபாய்ப் பொடி போட்டபடியே கன்னங்கரேல் என்று கிடந்தது.

வாங்கத்தான் வேண்டுமென்றால், காசு போடுமுன் காந்தம் வைத்து ஒரு வீடியோ கேளுங்கள். என்னை ஏமாற்றியவரின் அதே டப்பா படம் இப்போது வேறு பெயரில் 2,200 ரூபாய்க்கு ஓடுகிறது.