துவக்கு வாங்கப் போகிறவர் யார் பேச்சைக் கேட்பது?

வெலிமடை, கந்தப்பளை, ராகலைப் பக்கம் கிழங்கும் கோவாவும் போடுகிறவர்களோடு பேச்சுக் கொடுத்தால் அது காட்டுப்பன்றியில் தொடங்கித் துவக்கில் போய் நிற்கும். பயிர்க்காவலுக்கு லைசன்ஸ் எடுத்தவர்கள், எடுக்க ஓடித் திரிகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: எதை வாங்குவது, யார் சொல்வதை நம்புவது? முன்பென்றால் கடைக்காரர் சொன்னதோடு சரி. இப்போது பிள்ளைகள் போனில் அமெரிக்கத் துப்பாக்கி இதழ்களைத் தேடி எடுத்து, "சுயாதீனமாகச் சோதித்தது என்று போட்டிருக்கிறார்கள் மாமா" என்று வாசித்துக் காட்டுகிறார்கள். லயன்களுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் ஓடியாடுகிற இடத்தில் வைத்திருக்கப் போகிற சாமான் இது. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதழ் அளந்து சொல்வதை நம்பலாம், புகழ்ந்து சொல்வதை நம்ப வேண்டாம். "பாதுகாப்பானது", "பல வருஷம் உழைக்கும்" என்று எழுதியிருந்தால், எழுதியது எந்த வகை இதழாக இருந்தாலும், அதை மட்டும் வைத்துக் காசைக் கொடுக்கக் கூடாது.

விளம்பரம் போடுகிற பெரிய இதழ்களை முதலில் எடுப்போம். அமெரிக்கன் ரைஃபிள்மேன் அங்குள்ள தேசிய ரைஃபிள் சங்கத்தின் இதழ், கன்ஸ் அண்ட் அமோ 1958 முதல் வரும் வணிக இதழ். இவற்றை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அமெரிக்கன் ரைஃபிள்மேன் குறி எவ்வளவு துல்லியம் என்று பார்க்க ஒரு முறை வைத்திருக்கிறது: ஐந்து ஐந்து வெடியாக ஐந்து தடவை சுட்டு, ஒவ்வொரு தடவையும் துளைகள் எவ்வளவு பரவின என்று அளந்து, அதில் வந்த சிறிய அளவு, பெரிய அளவு, சராசரி மூன்றையும் அச்சிடுகிறார்கள். நன்றாக வந்த ஒரு தடவையை மட்டும் பொறுக்கிக் காட்ட இதில் இடமில்லை. நிறை, குழல் நீளம், விசையை இழுக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதெல்லாமும் அப்படித்தான். தராசும் அளவுநாடாவும் உள்ள எவரும் சரிபார்க்கக் கூடியதில் பொய் எழுத யாரும் துணியமாட்டார்கள்.

சிக்கல் அந்தத் துவக்கு எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் கம்பெனியே அனுப்புகிறது, யார் கைக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்புகிறது. சில சமயம் அரிசோனாவில் உள்ள கன்சைட் மாதிரியான பயிற்சித் தளங்களுக்கு எழுத்தாளர்களை அழைத்து, புதுத் துவக்கைக் கையில் கொடுத்துச் சுடவிடுவார்கள். அரிசோனா வறண்ட பூமி. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பனிமூட்டமும் தூறலும் மாதக்கணக்கில் விடாது, இரும்பைத் துடைக்காமல் வைத்தால் துரு ஏறிவிடும். வறண்ட மண்ணில் இரண்டு நாள் சுட்டவர் "இரும்புக்கு நல்ல பூச்சு" என்று எழுதினால் அது அவருக்கு உண்மை, நமக்கு அதில் ஒன்றும் இல்லை.

விளம்பரதாரர் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வெளியே தெரிந்த இரண்டு சம்பவங்கள் உண்டு. 2007 இல் அவுட்டோர் லைஃப் இதழின் வேட்டை ஆசிரியர் ஜிம் சம்போ, இராணுவத் துப்பாக்கி வடிவில் வரும் ஏஆர் வகை ரைஃபிள்கள் வேட்டைக்கு உகந்தவை அல்ல என்று கடுமையாக எழுதினார், சில நாட்களில் ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியின் ஆதரவும் போனது, இதழில் இருந்த இடமும் போனது. 2013 டிசம்பர் கன்ஸ் அண்ட் அமோவில் டிக் மெட்காஃப், துப்பாக்கி உரிமைக்கும் ஒழுங்குவிதிகள் இருக்கலாம் என்ற கருத்தில் ஒரு பத்தி எழுதினார். வாசகர்கள் கொதித்தார்கள், இரண்டு பெரிய கம்பெனிகளும் நெருக்கின என்று அவரே பின்னர் சொன்னார், கடைசியில் அவர் வெளியே, பத்தியை வெளியிட்ட ஆசிரியரும் பதவி விலகினார். இதில் கம்பெனியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. தான் வாங்கி வைத்திருக்கும் துவக்கைக் குறை சொன்னால் வாசகனுக்கே கோபம் வருகிறது. இரண்டு பக்கமும் நெருக்கும்போது "இது சிக்குகிறது, வாங்காதீர்கள்" என்று எழுத ஒரு எழுத்தாளருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் விளம்பரமே எடுக்காத வகை. கன் டெஸ்ட்ஸ் என்ற இதழ் சந்தாக் காசில் ஓடுகிறது. ஒரே வேலைக்கான இரண்டு மூன்று துவக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டு, பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரி ஏ, பி என்று தரம் கொடுக்கிறார்கள், மோசமானதற்கு மோசமான தரமே விழுகிறது. முதல் வகையோடு ஒப்பிட்டால் எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம், அதுவும் "எதை வாங்கக் கூடாது" என்ற கேள்விக்கு. ஆனால் இவர்களும் ஒரு ரகத்தில் ஒன்றைத்தான் சுடுகிறார்கள். அந்த ஒன்று பழுதாக வந்திருந்தால் ரகம் முழுவதும் கெட்ட பெயர் எடுக்கும், நல்லதாக வந்திருந்தால் மற்றவற்றில் உள்ள பழுது மறைந்துவிடும்.

நேர்மையும் இந்தக் கணக்கை மாற்றாது. ஆயிரம் துவக்கில் ஒன்றில் உள்ள குறை, ஒன்றை மட்டும் சோதிப்பவர் கண்ணில் பட ஆயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஒரே துவக்கில் 300 வெடி சிக்காமல் போனது என்று பெருமையாக எழுதுவார்கள். புள்ளிவிவரப்படி அதிலிருந்து 95 வீத உறுதியோடு சொல்லக்கூடியது, சிக்குவது நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது என்பது மட்டும்தான். இருட்டில் பன்றி எதிரே நிற்கும்போது நூற்றுக்கு ஒன்று சின்ன எண்ணா?

ரெமிங்டன் 700 ஐப் பாருங்கள். 1962 இல் வந்தது, பல பத்தாண்டுகளாக இதழ்கள் மெச்சிய ரைஃபிள். விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்ற முறைப்பாடுகள் வந்துகொண்டே இருந்தன, அதைப் பெரிதாக வெளியே கொண்டு வந்தது துப்பாக்கி இதழ் இல்லை, 2010 இல் சிஎன்பிசி தொலைக்காட்சி. கடைசியில், குறை இருப்பதை ஒப்புக்கொள்ளாமலே, ஏறக்குறைய 75 இலட்சம் துப்பாக்கிகளை உள்ளடக்கிய வழக்குத் தீர்வுக்குக் கம்பெனி சம்மதித்தது. சிக் என்ற கம்பெனியின் பி320 கைத்துப்பாக்கி 2014 இல் வந்து நல்ல பெயர் எடுத்தது, 2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் அதன் ஒரு வடிவத்தைத் தெரிவு செய்தது. அதே வருஷம் ஆகஸ்ட்டில் ஒமாஹா அவுட்டோர்ஸ் என்ற கடைக்காரர்கள், பின்பக்கம் தரையில் படுகிற ஒரு கோணத்தில் அதை விழவிட்டு, விசையில் கை வைக்காமலே வெடிப்பதை வீடியோவில் காட்டினார்கள். கம்பெனி உடனே உறுப்புகளை மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. இதழ்களில் யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோணத்தில் விழவிட்டுப் பார்ப்பது மதிப்புரை எழுதுகிறவர் வழமையாகச் செய்கிற வேலை இல்லை. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பைப் பார்க்க 1972 சட்டத்தில் ஓர் ஆணைக்குழு அமைத்தார்கள், துப்பாக்கி அதன் அதிகாரத்துக்கு வெளியே. பாண் வாட்டும் டோஸ்டரைத் திருப்பி அழைக்கச் சொல்லி உத்தரவிடலாம், துவக்கை முடியாது. ஆகவே ஒரு ரகத்தைப் பற்றித் தேடும்போது மதிப்புரைக்கு முன்னால் "திருப்பி அழைத்தார்களா, வழக்கு இருக்கிறதா" என்று தேடுங்கள்.

பி320 இன் குறையைக் காட்டியது வீடியோ என்பதால் யூடியூப் பெரியது என்று ஆகிவிடாது. வெடிக்கிறதா, சிக்குகிறதா என்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம், அது பெரிய நன்மைதான். ஆனால் எந்தத் துண்டை வெட்டி எறிந்தார்கள் என்பது தெரியாது, தோட்டா யார் கொடுத்தது என்பதையும் எல்லாரும் சொல்வதில்லை. சொல்கிறவர்களை மட்டும் பாருங்கள்.

இனி நம் ஊர்ப் பேச்சு. வைத்திருப்பவர் சொல்வதில் ஈரம், துரு, சேறு, உதிரிப்பாகம் கிடைக்காத கஷ்டம் எல்லாம் இருக்கும், எந்த அமெரிக்க இதழிலும் இதைப் படிக்க முடியாது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் தன் துவக்கைத் தாழ்த்திப் பேசமாட்டார். இது இன்று நேற்று வந்ததில்லை. 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கிப்ஸ் என்ற துவக்குக் கம்பெனி செய்த 21 இறாத்தல் துவக்கு ஒன்றைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறார், அதை அப்படிச் செய்யச் சொன்னதே அவர்தான். அதனால் ஊரில் கேட்கும்போது "நல்லதா?" என்று கேட்காமல், "கடைசியாக எதைத் திருத்தினீர்கள், யாரிடம், எத்தனை நாள் எடுத்தது?" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

கடைக்காரரின் பேச்சு, இருக்கிற சரக்கைப் பொறுத்தது. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுடுகருவிகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் லைசன்ஸோடுதான் வாங்க முடியும் என்பதால், இதழ் முதலிடம் கொடுத்த ரகம் இங்கே கிடைக்காமலே போகலாம். பயிர்க்காவலுக்குக் கையில் வருவது அநேகமாக, சன்னத் தோட்டா போடுகிற ஒரு 12 போர் துவக்கு. இந்த விஷயத்தில் இதழ்கள் இன்னும் தூரமாகிவிடுகின்றன, ஏனென்றால் அங்கே 12 போரை அதிகம் சோதிப்பது பறக்கும் களிமண் தட்டில், இங்கே தேவை எஸ்ஜி தோட்டாவின் பெரிய சன்னங்கள் எப்படிப் பரவுகின்றன என்பது. 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை சன்னம் விழுகிறது என்று எண்ணுவதுதான் பழைய முறை. மதிப்புரையில் அந்த எண்ணும், எந்தத் தோட்டா என்ற பெயரும் இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் தாண்டிப் போங்கள்.

துரைமார் காலத்து இரட்டைக் குழல் துவக்கு கைமாறி வந்தால் எந்த இதழும் உதவாது, அவர்கள் எழுதுவது பெரும்பாலும் புதியதைப் பற்றி. அங்கே நம்ப வேண்டியது குழலின் அடியில் குத்தியிருக்கும் சோதனை முத்திரை. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் உள்ள சோதனைச் சாலைகள் அளவுக்கு மீறிய வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்த பிறகே அதைக் குத்துகின்றன. பர்மிங்ஹாம் சாலை 1813 இல் சட்டப்படி அமைந்தது, விளம்பரமும் இல்லை, வாசகர் கோபமும் இல்லை, ஒவ்வொரு துவக்கையும் தனித்தனியாகச் சோதிக்கிறது. ஆனால் அந்த முத்திரை அன்றைய நிலைமைக்குத்தான் சாட்சி, பிறகு உள்ளே துரு தின்றதை அது சொல்லாது. பழைய இங்கிலீஷ் துவக்குகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. நீளமான தோட்டா மடிந்த நிலையில் உள்ளே போய்விடும், வெடித்து விரியும்போது இடம் போதாமல் அழுத்தம் ஏறும். பழைய காலத்துக் கறுப்பு வெடிமருந்துக்கு மட்டும் சோதித்த குழலும் உண்டு, அதில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. முத்திரையை வாசிக்கவும் அறையை அளக்கவும் தெரிந்த துவக்குத் திருத்துநர் ஒருவரிடம் காட்டும் வரை அப்படிப்பட்ட துவக்குக்குக் காசு கொடுக்க வேண்டாம்.