கோத்தகிரியில் மழைக்காகக் காத்திருந்த ஆர்க்கிடெக்ட்

டொராண்டோவிலிருந்து இந்த முறை ஊருக்குக் கிளம்பியதே, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது என்று அக்கா வீடியோ அனுப்பியதால்தான். அப்பா கட்டிய வீடு, கோத்தகிரிச் சரிவில்.

முதலில் வந்த இன்ஜினியர் சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஜேசிபி விட்டு மேட்டை வெட்டிடலாம் சார். கான்கிரீட் சுவர் போட்டு, வீட்டு மேல இன்னும் ரெண்டு மாடி ஏத்தினா ஹோம்ஸ்டே விடலாம்" என்றார். நீலகிரியில் கலெக்டர் அனுமதி இல்லாமல் ஜேசிபி ஓட்ட முடியாது, கட்டடம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதெல்லாம் ஊரறிந்த விதி. கேட்டால், "அதெல்லாம் பாத்துக்கலாம்." 2009 நவம்பர் மண்சரிவில் 40 பேருக்கு மேல் பறிகொடுத்த மாவட்டம் இது. அந்த 'பாத்துக்கலாம்' எனக்கு ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

அப்புறம் பக்கத்து வீட்டு மாமா ஒரு சின்ன ஆர்க்கிடெக்ட் ஆபீஸைச் சொன்னார். இளம் ஆர்க்கிடெக்ட் ஒரு பெண், கூடப் படித்த இன்னொருவர், படம் வரையும் பையன், வயதான மேஸ்திரி. அவ்வளவுதான் ஆபீஸ். மேஸ்திரியும் அதே மேஜையில் உட்கார்ந்து படத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கனடாவிலும் இப்படி நான் பார்த்ததில்லை. அங்கே படம் வரைகிறவர் ஒரு கம்பெனி, கட்டுகிறவர் இன்னொரு கம்பெனி, நடுவில் ஈமெயில்.

"எப்போ வந்து பாக்கறீங்க?" என்றேன். "மழை வரட்டும் அண்ணா" என்றது அந்தப் பெண். எனக்கோ லீவு கரைந்துகொண்டிருந்தது. டொராண்டோவில் என்றால் தேதியும் நேரமும் குறித்து மெசேஜ் வந்திருக்கும். இங்கே போன் அடித்தால் எடுக்கவும் ஆளில்லை.

ஒரு நாள் மத்தியானம், ஐப்பசி மழை கொட்டுகிற நேரத்தில் குடையோடு வந்து நின்றார்கள். வீட்டுக்குள் வரவே இல்லை. மேல் தேயிலைத் தோட்டத்திலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, எங்கே நிற்கிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்த்துப் பார்த்துப் பையன் குறித்துக்கொண்டான். தாள் நனையாமல் இருக்க நான்தான் குடை பிடித்தேன். அவர்களுடைய முதல் படத்தில் வீடே இருக்காதாம். தண்ணீர் போகிற பாதை மட்டும்தானாம். மண்ணை வெட்டுவதைக் கடைசி வழியாகத்தான் யோசிப்பார்களாம்.

மேஸ்திரி சுவரின் அடிப்பக்கத்தைக் கையால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று உளியை வைத்து அடித்தார். சிமென்ட் பூச்சு பெயர்ந்ததும் உள்ளே பழைய பைப் ஒன்றின் வாய். கம்பியை விட்டுக் குடைந்தார். முதலில் செம்மண் குழம்பாகக் கசிந்தது, பிறகு கை தடிமனில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. யாரோ சுவரை 'அழகாக' பூசியபோது தண்ணீர் வடியும் துளைகளை எல்லாம் சேர்த்துப் பூசிவிட்டிருக்கிறார்கள். "வெளிய வர வழி இல்லன்னா அது சுவரத்தான் தள்ளும் தம்பி" என்றார். டொராண்டோவில் அஸ்திவாரத்தைச் சுற்றி இதே வேலைக்காகத் துளை போட்ட குழாயைப் புதைத்திருப்பார்கள். அதைப் பார்த்த இன்ஸ்பெக்டரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இங்கே சுவரைத் தட்டியே கண்டுபிடிக்கிற ஆள் இருக்கிறார். அவரைத் தன் ஆபீஸில் உட்காரவைத்து, அவர் சொன்ன பிறகு படம் போடுகிற ஆர்க்கிடெக்டும் இருக்கிறார்.

சுவர் முழுவதையும் இடிக்கத் தேவையில்லை என்றார்கள். வயிறு தள்ளிய பகுதியை மட்டும் பிரித்து அதே கருங்கல்லில் திரும்பக் கட்டி, பின்னால் ஜல்லி நிரப்பி, மேலே ஒரு வடிகால் எடுத்துவிடுவது. அக்கா கேட்ட சின்ன அறைக்கு 'ராட் டிராப் பாண்ட்' (எலிப்பொறிக் கட்டு) முறைச் சுவர். செங்கல்லைக் குத்துவாக்கில் வைத்து நடுவில் காற்றுக்கு இடைவெளி விடுவதால் செங்கல் 25 சதவீதம் போல மிச்சம், குளிரும் சட்டென்று உள்ளே இறங்காது. கேரளாவில் ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் நிறைய வீடுகளில் செய்து காட்டியதுதான்.

எஸ்டிமேட் வர மட்டும் தாமதம். நான் விமானம் ஏறிய பிறகுதான் வந்தது. ஆனால் கல், கூலி, ஜல்லி எல்லாம் தனித்தனியாக, அவர்கள் கட்டணமும் தனியாக இருந்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் சரிவில் வீடு வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடியுங்கள். அந்த ஆபீஸ்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: போன் எடுக்க ஓர் ஆளைப் போடுங்கள் தாயே, வெளியூரில் இருக்கிறவர்களுக்கு அதுதான் ஒரே வழி.