தொழில்நுட்பத் திறனா, பரிவா? நாளைய மருத்துவமனையில் எதற்கு மதிப்பு?

கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று 2016-இல் சொன்னவர் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஜெஃப்ரி ஹின்டன். ஐந்தாண்டில், தப்பினால் பத்தாண்டில், ஸ்கேன் படம் பார்ப்பதில் கணினி அவர்களை மிஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. கணினி நிஜமாகவே கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. ஆனாலும் அமெரிக்காவில் இன்றும் அந்த மருத்துவர்களுக்குத் தட்டுப்பாடுதான். படத்தில் கட்டியைக் கண்டுபிடிப்பது வேலையில் ஒரு பங்கு மட்டுமே. எந்த ஸ்கேன் தேவை என்று முடிவெடுப்பதும், அறுவை மருத்துவரோடு கலந்து பேசுவதும், அறிக்கையில் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பதும் மீதி.

சரி, பரிவாவது பத்திரமா? அதுவும் முழுசாக இல்லை. 2023-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் கேட்கப்பட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர்கள் எழுதிய பதில்களையும் சாட்ஜிபிடியின் பதில்களையும், எழுதியது யார் என்று சொல்லாமல் ஒப்பிட்டார்கள். பரிவு மிக்கவை என்று மதிப்பிடப்பட்டவை சாட்ஜிபிடியில் சுமார் 45%, மருத்துவர்களிடம் 5% கூட இல்லை. ஆக, ஆறுதலாக எழுதுவதை மட்டும் பரிவு என்று எண்ணினால் அந்தப் போட்டியில் மனிதர் தோற்றாயிற்று.

எழுத்துக்கு வெளியே நடப்பது வேறு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் போன்றவற்றில் பணியாளர்கள் நோயாளியின் வீட்டுக்கே போகிறார்கள். மகள் பக்கத்தில் இருந்தால் “வலியே இல்லம்மா” என்பார் அப்பா. அவர் முகத்தைப் பார்த்து, மகளைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி கேட்கத் தெரிய வேண்டும். அப்புறம், மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், கூடவே மலமிளக்கியும் தர வேண்டும் என்பது படிப்பு. அதைப் பற்றி அவர் கூச்சமில்லாமல் பேசும்படி கேட்பது பரிவு. இதில் ஒன்று குறைந்தாலும் அவருக்கு நிம்மதி இல்லை.

பொருளியலாளர் டேவிட் டெமிங் 1980 முதல் 2012 வரையிலான அமெரிக்க வேலைச் சந்தையை ஆராய்ந்தார். கணிதத் திறனும் மனிதரோடு பழகும் திறனும் சேர்ந்து தேவைப்படும் வேலைகள்தான் நன்றாக வளர்ந்திருந்தன. கணிதம் மட்டும் போதும் என்ற வேலைகள் சுருங்கின.

உள்ளே நுழையத் தொழில்நுட்பத் திறன் வேண்டும். நுழைந்த பின் ஒருவரை ஈடு செய்ய முடியாதவராக்குவது பரிவு என்பதால் என் ஓட்டு அதற்கே. ஆனால் பரிவுக்கு நேரம் தேவை. கணினி மிச்சப்படுத்தும் நிமிடங்களை நிர்வாகங்கள் கட்டிலருகே செலவிட விட வேண்டும். அதைக் காரணம் காட்டி ஒரு செவிலியரின் பொறுப்பில் இன்னும் நாலு கட்டில்களைச் சேர்த்தால், எவ்வளவு நல்ல மனம் இருந்தும் அவரால் யாரிடமும் இரண்டு நிமிடம் நின்று பேச முடியாது.