மீட்டர் 12 என்றது, உள்ளே ஈரம்

வீடு கட்டும் நண்பர் கேட்டார்: "நிலைக்கும் கதவுக்கும் மரம் எடுக்கணும். உன்கிட்ட இருக்கிற ஈர மீட்டர் மாதிரி ஒண்ணு வாங்கட்டுமா?"

நான்கு வருடமாக என் பட்டறையில் இருக்கும் ஊசி மீட்டர் அது; மரத்தில் ஊசியைக் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். போன வாரம்தான் ஊசி மாற்றினேன். வேங்கையில் குத்தினால் ஊசி வளையத்தான் செய்யும், அதில் எனக்குக் கோபமில்லை.

கோபமெல்லாம் அதன் ஆழத்தில்தான். ஊசி அரை சென்டிமீட்டர்தான் இறங்கும். வெயிலில் கிடந்த ஒன்றரை இஞ்ச் பலகையின் மேல்பக்கம் 12 சதவீதம் காட்டும், நடுவில் 20 இருக்கும். முதல் வருடம் அந்த 12-ஐ நம்பி வேப்பங்கதவு ஒன்று செய்து மாட்டினேன். சித்திரை வெயிலில் பலகை சுருங்கி, சட்டத்தை ஒட்டி நகம் நுழையும் அளவு இடைவெளி. அந்த வீட்டு அம்மா திட்டவில்லை. இடைவெளியைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அது இன்னும் உறுத்துகிறது. கதவைக் கழற்றி, என் செலவில் வேறு பலகை போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் மேல்பக்கத்து அளவை நம்புவதே இல்லை. பலகையின் முனை சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் ஒரு அடி தள்ளி அறுத்து, புதிதாக அறுத்த முகத்தின் நடுவில் குத்துகிறேன். அதிலும் சந்தேகம் வந்தால் ஒரு துண்டை எடை போட்டு, ஓவனில் 103 டிகிரியில், எடை இனிக் குறையாது என்னும் வரை காய வைப்பேன். 180 கிராம் 150 ஆனால், குறைந்த 30-ஐக் காய்ந்த எடையான 150-ஆல் வகுக்க வேண்டும். ஈரம் 20 சதவீதம். கதவுக்கு 12-லிருந்து 14-க்குள் வந்தால்தான் இழைப்புளியை எடுப்பேன்.

என் மீட்டர் டக்ளஸ் ஃபர் என்ற அமெரிக்க மரத்துக்கு, 20 டிகிரி வெப்பத்தில் சரியாகக் காட்டும்படி அளவு வைத்தது. மே மாதப் பட்டறையில் ஈரத்தைச் சற்றுக் கூட்டியே காட்டும். மற்ற மரங்களுக்கு அளவைத் திருத்திக்கொள்ளக் கூட வந்த பட்டியலில் தேக்கும் இல்லை, வேம்பும் இல்லை.

ஆனால் ஒரே அடுக்கில் எந்தப் பலகை பச்சை, எது காய்ந்தது என்று பிரித்துவிடும். "ஒரு வருஷம் காஞ்ச மரம்" என்று ஒரு கடையில் சொன்ன தேக்கில் 26 காட்டியது. அன்றைக்கே போட்ட காசு வந்துவிட்டது.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? வாங்க வேண்டாம் என்றேன். மரம் எடுக்கிற அன்று என் மீட்டரையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அறுத்துப் பார்க்க விடாத கடையில் எடுக்க வேண்டாம்.